அசடு யார்?

ஜப்பானிய பாஷையில் ஒரு பறவைக்கு 'அஹோடோரி' என்று பெயர். 'அஹோ' என்றால் அசடு. 'டோரி' என்றால் பறவை. அசட்டுப் பறவை! பிறருக்குப் பட்டம் சூட்டுவதில் மனிதனுக்குள்ள தாராளத்தை என்னவென்று சொல்வது? கழுதைக்கும் எருமைக்கும் நாம் செய்திருக்கும் அநியாயத்தையே ஜப்பானியர் இந்தப் பறவைக்குச் செய்துவிட்டார்கள்.

அப்படி அது என்ன அசட்டுக் காரியம் செய்துவிட்டது? மனிதன் தடியை ஓங்கிக் கொண்டு அருகில் வந்தபோது அது ஓடவில்லை. அவ்வளவுதான். முட்டையின் மேல் உட்கார்ந்தபடியே வருகிறவனை நிமிர்ந்து பார்த்தது. அது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தீவிலே நரி கிடையாது, நாய் கிடையாது, மனிதனும் கிடையாது. பயப்படுவதற்குக் காரணமே இல்லாத இடத்தில் பயம் எங்கிருந்து வரும்?

இந்தப் பறவை உலகத்தை விட்டே ஒழிந்து போயிற்று என்று ஒரு சமயம் விஞ்ஞானிகள் எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் இன்று அது ஆயிரக்கணக்கில் வாழ்கிறது. இடையில் நடந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அசடு யார் என்பதைக் கதை முடிவில் நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

பறவைத் தீவு

டோக்கியோ நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 360 மைல் தூரத்தில், பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, ஓர் எரிமலை தலையை நீட்டிக் கொண்டிருக்கிறது. அதற்கு 'டோரிஷிமா' என்று பெயர். அதாவது பறவைத் தீவு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டு மைல் கூட இராது. உயரம் சுமார் 1,300 அடி. துறைமுகம் இல்லை. அலை சற்றுத் தணிந்திருக்கும் வேளை பார்த்துப் படகிலிருந்து பாறையின் மேல் தாவிக் குதிக்க வேண்டும்.

அசட்டுப் பறவை, ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைக் குலத்தைச் சேர்ந்தது. நூல்களில் குட்டைவால் ஆல்பட்ராஸ் என்று அதைக் குறிப்பிடுவார்கள். சிறகை விரித்தால் ஏழடிக்கு மேல் இருக்கும். வெண்மையான உடல், பொன் பூசினாற்போன்ற தலை, ரோஜா நிற அலகு, அலகின் நுனியில் நீலம். காற்றின் மேல் சாய்ந்து கொண்டு, சிறகை அசைக்காமலே மணிக்கணக்காக மிதந்து செல்லும். தரையிலே மட்டும் அதன் பாடு சங்கடந்தான். பறக்க வேண்டுமானால் சற்றுத் தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். தடி பிடித்தவனுக்கு இதை விட வேறென்ன சௌகரியம் வேண்டும்?

கோடை காலத்தை அது வடக்கே அலாஸ்காவை ஒட்டிய குளிர்ந்த கடல்களில் கழிக்கிறது. அக்டோபர் மாதத்தில் தீவுக்குத் திரும்புகிறது. ஒரு ஜோடிக்கு வருஷத்தில் ஒரே முட்டை. தாயும் தகப்பனும் முறை வைத்துக் கொண்டு சுமார் 65 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு, இரண்டும் சமுத்திரத்தில் வெகுதூரம் சென்று இரை தேடி வந்து ஊட்டும். ஏறக்குறைய ஐந்து மாதம் வளர்ந்தபின் குஞ்சு ஒரு நாள் தானாகவே கடலை நோக்கிப் பறந்துவிடும். அதன் பிறகு சில வருஷ காலம் தரையை அது மிதிப்பதே இல்லை. குடும்பம் நடத்த ஆரம்பிப்பதற்கு ஆறேழு வயதாகிவிடும். முட்டை ஒன்று உருண்டு உடைந்தால் அந்த ஜோடிக்கு அந்த வருஷம் வீண். இவ்வளவு நிதானமாகப் பெருகும் ஜீவன், அவசரமாகக் கொல்லப்பட்டால் என்ன ஆகும்?

இந்தப் பறவைக்கு ஜப்பான் தேசம் ஒரு விதத்தில் கடன்பட்டிருக்கிறது. 1841-ஆம் வருஷம் புயலில் அகப்பட்ட மீன்படகு ஒன்று, ஐந்து பேருடன் டோரிஷிமாவில் ஒதுங்கியது. அவர்களில் இளையவன் மஞ்சிரோ என்ற பதினான்கு வயதுப் பையன். ஏறக்குறைய ஐந்து மாதம் அவர்கள் உயிர் தரித்திருந்தது முக்கியமாக இந்தப் பறவைகளின் மாமிசத்தைக் கொண்டுதான். பிறகு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலொன்று அவர்களை ஏற்றிச் சென்றது. மஞ்சிரோ அமெரிக்காவில் படித்து, தாய்நாடு திரும்பி, வெளியுலகத்திற்குக் கதவைத் திறந்த ஜப்பானுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஆசானாகவும் விளங்கினார். பசித்தவன் கொன்று தின்றதைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். குற்றம் பிறகுதான் வந்தது.

இறகு வியாபாரம்

1887-ஆம் வருஷம் தமாவோகி ஹன்யெமோன் என்ற வியாபாரி டோரிஷிமாவில் ஆட்களைக் குடியேற்றி இறகு சேகரிக்கத் தொடங்கினார். மெத்தைக்கும் தலையணைக்கும் இறகு வேண்டும். மேனாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கும் இறகு வேண்டும். கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆயிற்று. ஓர் ஆள் ஒரு நாளைக்கு நூறு, இருநூறு பறவைகளை அடித்துச் சாய்ப்பது சர்வ சாதாரணம். 1902-ஆம் வருஷத்துக்குள் கொன்று குவிக்கப்பட்ட பறவைகள் 50 லட்சம் இருக்கலாம் என்று பிற்காலத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தப் பறவைக்கு இறந்தால்தான் விலை. இருந்தால் ஒரு காசுகூட இல்லை.

1902 ஆகஸ்ட் மாதத்தில் எரிமலை சீறி எழுந்தது. தீவில் அப்போது இருந்த 125 பேரும் மாண்டு போனார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆகஸ்ட் மாதமானதால் பறவைகளெல்லாம் வடகடலில் இருந்தன! கூலிக்கு வந்த ஏழைகள் அத்தனை பேரையும் நினைத்தால் மனம் நோகிறது. இதைத் தெய்வ தண்டனை என்று சொல்லித் திருப்தியடைய நமக்குத் துணிவில்லை. ஆனால் அந்த விபத்துக்குப் பிறகும் வேட்டை நின்றபாடில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். வேறு தடிகளும் வந்தன.

1930-ஆம் வருஷம் பறவை ஆராய்ச்சியில் பேர் பெற்ற யமாஷினா பிரபு தீவுக்குச் சென்று பார்த்தார். பறவைகள் வெகுவாய்க் குறைந்து போயிருந்தன. அவரைப் போன்றவர்களின் முயற்சியால் 1933-இல் சர்க்கார் வேட்டையைத் தடை செய்தது. தடை வரப்போகிறது என்ற செய்தி தீவுக்கு முன்னதாகவே எட்டிவிட்டது. 1932 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலுமாக 3,000 பறவைகளை அடித்துத் தீர்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நாளைக்குக் கடை மூடுவார்கள் என்று தெரிந்தால் இன்றைக்கே கூட்டம் நெருக்குகிறதல்லவா? அந்தக் கதைதான்.

1939-இல் எரிமலை மறுபடியும் குமுறிற்று. பறவைகள் கூடு கட்டிய நிலத்தில் பெரும்பகுதி நெருப்புக் குழம்பின் கீழ் மறைந்தது. அதன்பின் உலக யுத்தம். பறவையைப் பற்றி நினைக்க யாருக்கு அவகாசம்? 1949-இல் ஆஸ்டின் என்ற அமெரிக்கப் பறவை நிபுணர் தீவைச் சுற்றிக் கப்பலில் சென்று பார்த்தார். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்த இனம் அழிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று எழுதினார்.

கடல் ஒளித்து வைத்த குஞ்சுகள்

யுத்தத்துக்குப் பிறகு புயலைக் கவனித்து அறிவிப்பதற்காக டோரிஷிமாவில் ஒரு வானிலை நிலையம் ஏற்பட்டது. அங்கே வேலை பார்த்த ஷோஜி யமமோட்டோ என்பவர், 1951 ஜனவரி மாதத்தில் தீவின் ஒரு மூலைக்குச் சென்றார். செங்குத்தான சாம்பல் சரிவிலே பெரிய வெள்ளைப் பறவைகள் சில உட்கார்ந்திருந்தன. ஏறக்குறையப் பத்து இருக்கும். இறந்துவிட்டதென்று கருமாதியும் நடத்திவிட்ட மனிதன் வாசலில் வந்து நின்றால் வீட்டார் எப்படித் திடுக்கிடுவார்கள்? பறவை நூல் வல்லார் அப்படித்தான் திடுக்கிட்டார்கள்.

அவை எங்கிருந்து வந்தன? இதில் மாயம் ஒன்றுமில்லை. இளம் பறவைகள் சில வருஷம் கடலிலேயே திரியும் என்று மேலே சொன்னோமல்லவா? தீவில் தடியடி நடந்தபோதெல்லாம் அவை பல நூறு மைலுக்கு அப்பால் அலைகளின் மேல் இருந்தன. மனிதன் கைக்கு எட்டாத அந்தச் சிறு பங்கைக் கடல் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

நிலையத்தார் பறவைகளைக் கவனித்து வந்தார்கள். 1958-இல் சர்க்கார் இந்தப் பறவையைத் தேசத்தின் இயற்கைச் செல்வமென்று அறிவித்தது. ஆனால் 1965-இல் தீவில் பூகம்பம் அடிக்கடி ஏற்படவே, எரிமலைக்குப் பயந்து நிலையத்தை மூடிவிட்டார்கள். டோரிஷிமா மீண்டும் ஆளற்ற தீவாயிற்று. பறவைகள் இருக்கின்றனவா, இல்லையா என்று பார்க்கவும் நாதியில்லை.

ஒரு சந்திப்பு

1973-இல் லான்ஸ் டிக்கல் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் தம் நாட்டுக் கடற்படைக் கப்பலின் உதவியால் டோரிஷிமாவில் இறங்கி, குஞ்சுகளுக்கு அடையாள வளையம் பூட்டினார். அவர் ஜப்பானுக்கு வந்திருந்த சமயம், கியோட்டோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஹிரோஷி ஹஸெகாவா அவரைச் சந்தித்தார்.

ஜப்பானியத் தீவில், ஜப்பானியர் அழித்த பறவையைப் பார்ப்பதற்கு உலகத்தின் மறு கோடியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அந்த இளைஞருக்கு அது சுருக்கென்று தைத்தது. தேசாபிமானம் என்பது கொடி பிடிப்பதில் மட்டும் இல்லை. தன் தேசத்தார் செய்த பிழைக்குத் தானே பிராயச்சித்தம் செய்ய முன்வருவதும் தேசாபிமானந்தான் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

1976 நவம்பரில் ஹஸெகாவா கப்பலிலிருந்தபடி தீவைப் பார்த்தார். 1977 மார்ச்சில் இறங்கினார். எண்ணிப் பார்த்ததில் குஞ்சுகள் 15. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த இனத்துக்கு அந்த வருஷத்துச் சந்ததி பதினைந்தே பதினைந்து!

புல் நட்ட புண்ணியம்

யாரும் வேட்டையாடாதபோது குஞ்சுகள் ஏன் இவ்வளவு குறைவு? இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி வேண்டும். பறவைகள் கூடு கட்டிய இடம் தீவின் தென்கிழக்குச் சரிவு. அங்கே காலடியில் இருப்பது மண்ணன்று, எரிமலைச் சாம்பல். மழை பெய்தால் சரியும். காற்று அடித்தால் பறக்கும். முட்டைகள் உருண்டு போயின. குஞ்சுகள் மணலில் புதைந்தன. பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் வீணாயின. மனிதன் விரட்டிய விரட்டில், மனிதன் எளிதில் வரமுடியாத இடத்தில் தப்பியிருந்தவை அந்தப் பறவைகள். அந்த இடமே இப்போது அவற்றுக்கு எமனாயிருந்தது.

ஹஸெகாவா சொன்ன பரிகாரம் மிக எளிது: புல் நடுங்கள்! புல்லின் வேர் சாம்பலைப் பிடித்துக் கொள்ளும். பறவைக்குக் கூடு கட்டவும் புல் உதவும். 1981-இலும் 1982-இலும் சர்க்கார் உதவியுடன் சரிவிலே புல் முளைகளைப் பிடுங்கி நட்டார்கள், நம் ஊரில் நாற்று நடுவது போல. பலன் உடனே தெரிந்தது. பாதிக்கும் குறைவாக இருந்த வெற்றி, மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. 1987-இல் மலைச்சரிவு ஏற்பட்டுப் பழைய கஷ்டம் திரும்பிற்று. மறுபடியும் வாய்க்கால் வெட்டி, அணை போட்டு, புல் நட்டார்கள். வருஷம் தவறாமல் ஹஸெகாவா தீவுக்குப் போனார். அவர் போய் வந்தது நூறு தடவைக்கு மேல் இருக்கும். போனவுடன் முதல் வேலை எண்ணுவது, வளையத்தின் எண்ணைப் பார்ப்பது, நோட்டில் குறிப்பது. வட்டிக் கணக்கு எழுதும் மார்வாரியும் அத்தனை கவனமாக எழுதியிருக்க மாட்டார்.

பொம்மைக்கு வந்த உறவினர்

சரிவு எவ்வளவு கெட்டியானாலும் சரிவு சரிவுதான். தீவின் வடமேற்கே, அபாயமில்லாத இதமான ஓரிடம் இருந்தது. அங்கே குடிபோகும்படி பறவைகளிடம் யார் சொல்வது? பறவை கூட்டத்தோடு வாழும் ஜாதி. நாலு பேர் இருக்கும் தெருவில்தான் வீடு பார்க்கும்.

ஆகையால் நாலு பேரைச் செய்து வைத்தார்கள்! ஹஸெகாவாவும் யமாஷினா பறவை ஆராய்ச்சி நிலையத்தாரும் 1990-களின் ஆரம்பத்தில், அசல் பறவையின் அளவிலும் நிறத்திலும் பொம்மைகள் செய்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். பறவைகளின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் முழங்கச் செய்தார்கள். மேலே பறந்து சென்றவை, 'இங்கே ஏதோ கலியாணக் கூட்டம் போலிருக்கிறதே' என்று இறங்கிப் பார்த்தன. பொம்மையின் எதிரே தலையை ஆட்டி, அலகைத் தட்டி, நாட்டியமாடின. ஓர் ஆண் பறவை ஒரு பொம்மையின் மேல் மையல் கொண்டு பல பருவங்கள் அதனுடனேயே காதல் பேசிக் கொண்டிருந்ததாம். இந்த விஷயத்தில் அதை அசடு என்று சொல்ல நாமும் சற்றுத் தயங்குகிறோம். நம் நாடகமேடைகளிலும் சினிமாக்களிலும் இதை விட மோசமான காதல்களைப் பார்த்திருக்கிறோம்.

1995 நவம்பரில் ஒரு ஜோடி அங்கே முட்டையிட்டது. 1996-இல் அந்தக் குஞ்சு பறந்து சென்றது. பிறகு பல வருஷம் அந்த ஒரே குடும்பந்தான். மற்றொருவராயிருந்தால் பொம்மையை மூட்டை கட்டிக் கொண்டு வீடு திரும்பியிருப்பார். இவர்கள் காத்திருந்தார்கள். 2004-க்குப் பிறகு ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. இரண்டாவது குடியிருப்பு நிலைத்துவிட்டது.

எரிமலையின் மடியில்

ஆனால் அந்தக் குடியிருப்பும் அதே எரிமலையின் மேல்தானே? 2002 ஆகஸ்டில் அது ஒரு முறை கனைத்துக் காட்டிற்று. பறவைகள் ஊரில் இல்லாத மாதம், பிழைத்தன. குளிர்காலத்தில், முட்டையும் குஞ்சும் நிறைந்த சமயத்தில் அது வெடித்தால்? ஆகவே வேறொரு தீவிலும் பறவைகளைக் குடியேற்றத் தீர்மானித்தார்கள். டோரிஷிமாவிலிருந்து சுமார் 220 மைலில், எரிமலை இல்லாத மூகோஜிமா என்ற தீவு இருக்கிறது. முற்காலத்தில் அங்கும் இந்தப் பறவைகள் வாழ்ந்ததுண்டு.

ஆல்பட்ராஸ் தான் வளர்ந்து பறந்த இடத்துக்கே திரும்பி வரும் சுபாவமுள்ளது. அந்த இடம் அதன் மனத்தில் பதிவதற்கு முன்னால் குஞ்சை எடுத்துப் போக வேண்டும். முதலில், ஏராளமாக உள்ள வேறு ஆல்பட்ராஸ் வகைகளின் குஞ்சுகளைக் கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். ஆரம்பத்தில் பல குஞ்சுகள் இறந்தன. அந்தத் துக்கத்திலிருந்து பாடம் கற்று, 2008-இல் நாற்பது நாள் வயதுள்ள பத்துக் குஞ்சுகளை ஹெலிகாப்டரில் மூகோஜிமாவுக்குக் கொண்டு போனார்கள். விஞ்ஞானிகள் அந்த ஆளற்ற தீவில் கூடாரம் போட்டுத் தங்கி, மீனையும் கணவாயையும் தயார் செய்து, தாயின் ஸ்தானத்திலிருந்து கையால் ஊட்டினார்கள். ஐந்து வருஷத்தில் கொண்டு போன குஞ்சுகள் 70. அவற்றில் 69 வளர்ந்து கடலுக்குப் பறந்தன.

பறந்தவை திரும்புமா? பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்தை எதிர்பார்க்கும் பெற்றோரைப் போல அவர்கள் காத்திருந்தார்கள். 2011-இல் முதல் பறவை திரும்பி வந்தது. 2016-இல், அப்படி ஊட்டி வளர்த்த பறவையொன்றுக்குப் பிறந்த குஞ்சு மூகோஜிமாவிலிருந்து பறந்து சென்றது.

2011-இல் இன்னோர் அதிசயமும் நடந்தது. ஹாவாய்த் தீவு வரிசையைச் சேர்ந்த மிட்வே என்ற திட்டில் ஒரு ஜோடிக்குக் குஞ்சு பிறந்தது. அவ்வருஷம் மார்ச் மாதம் ஜப்பானைச் சூறையாடிய சுனாமிப் பேரலை அங்கும் சென்று, குஞ்சைக் கூட்டோடு பெயர்த்தது. சற்றுத் தூரத்தில் காயமின்றிக் கிடந்த குஞ்சை, அங்குள்ள ஊழியர்கள் எடுத்துக் கூட்டிருந்த இடத்தில் வைத்தார்கள். அது வளர்ந்து பறந்தும் போயிற்று.

தூண்டிலும் நாடாவும்

தீவில் காப்பாற்றினால் போதாது. கடலிலும் காப்பாற்ற வேண்டும். மைல் கணக்கான கயிற்றில் ஆயிரக்கணக்கான முள்களைக் கோத்து மீன் பிடிக்கும் படகுகள் உண்டு. முள்ளில் குத்திய இரையைப் பறவை பாய்ந்து விழுங்கினால், முள்ளோடு கடலுக்குள் இழுபட்டு மூழ்கிவிடும். இதற்கும் ஓர் எளிய பரிகாரம் கிடைத்தது. படகின் பின்புறத்தில் வர்ண நாடாக்களைத் தொங்கவிட்ட ஒரு கயிற்றைப் பறக்கவிட்டால், பறவை அஞ்சி விலகும். வயலில் சோளக்கொல்லைப் பொம்மை வைப்பதைப் போன்றதுதான். ஜப்பானிய மீனவர்களே முதலில் கையாண்ட இந்த உபாயத்தை, பிற தேசத்து மீனவர்களும் ஏற்றுக் கொண்டார்கள். அலாஸ்காக் கடலில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. பறவைக்கும் லாபம், இரை மிச்சமாவதால் மீனவனுக்கும் லாபம்.

கணக்கு

1951-இல் சுமார் பத்து. 1977-இல் குஞ்சுகள் 15. 2018-இல் ஹஸெகாவா தம் நெடுநாளைய நோட்டில் கூட்டிப் பார்த்தபோது, டோரிஷிமாப் பறவைகளின் தொகை 5,000-ஐக் கடந்துவிட்டது. மாணவராகத் தொடங்கியவர் அதற்குள் டோஹோ சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார்.

ஐயாயிரம் என்பது ஐம்பது லட்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எரிமலை இன்னும் அணையவில்லை. தெற்கே, தேசங்கள் வழக்காடும் சென்காக்குத் தீவுகளிலும் இந்தப் பறவைகளில் ஒரு பகுதி கூடு கட்டுகிறது. அவை வேறோர் இனமே என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆனால் அரசியல் தகராறு காரணமாக அங்கே சென்று அவற்றை எண்ணிப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஆகையால் கதை மங்களம் பாடி முடிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. அழிப்பதற்கு ஒரு தடியும் பதினைந்து வருஷமும் போதுமாயிருந்தன. அதில் ஒரு துளியை மீட்பதற்கு ஒரு மனிதரின் ஆயுளில் பெரும்பகுதி வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். பேராசிரியர் ஹஸெகாவாவுக்கு இந்தப் பறவையின் பெயர் பிடிக்கவேயில்லை. தம்மை நம்பிய ஜீவனைக் கொன்றுவிட்டு அதையே அசடு என்று அழைப்பது என்ன நியாயம் என்பது அவர் வாதம். ஜப்பானின் ஒரு கடற்கரைப் பகுதியில் வழங்கிய 'ஓக்கினோதாயு' என்ற பழைய பெயரை இனி வழங்கலாம் என்று அவர் எடுத்துரைத்து வருகிறார். 'ஓக்கி' என்றால் கரைக்கு அப்பாலுள்ள பெருங்கடல். 'தாயு' என்பது அந்நாட்டில் பெரிய கலைஞர்களுக்கு அளிக்கும் பட்டம். நடுக்கடலின் கலையரசர் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

பழைய பெயர் எளிதில் மறையாது. மறையாமலிருப்பதும் ஒரு விதத்தில் நல்லதே. ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும், தடி யார் கையில் இருந்தது என்பது நினைவுக்கு வருமல்லவா?